மாப்பிள்ளை சஹனில் வைத்த இறால்

கல்முனை பஸ்ஸின் கூரையில் என் பெட்டியை ஏற்றும்போதே, "உள்ளே கண்ணாடிச் சாமான் இருக்குங்க, மேலே எதையும் வைக்காதீங்க" என்று கொண்டக்டரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவரும் ஒவ்வொரு தடவையும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். மட்டக்களப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பஸ் நின்றது. யாரோ ஏறப்போகிறார்கள் என்று பார்த்தால், டிரைவர் இறங்கிப் போய் வாவிக் கரையில் ஒருவரோடு மீன் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். பேரம் படிந்து, கூடை கூரைக்கு ஏறி, பஸ் புறப்பட்ட சற்று நேரத்தில் என் தோளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. முகர்ந்து பார்த்தேன். கூடையை வைக்க அந்த நீளக் கூரையில் என் பெட்டியைத் தவிர வேறு இடமே அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பெட்டிக்குள் இருந்தவை, சென்னையில் நாள் முழுக்க ஆவியில் வைத்து, ஒரு கிருமிகூட இல்லாமல் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த கண்ணாடித் தட்டுகள். "இறங்கக்குள்ள நல்லாக் கழுவித் தாறன், மிஸ்ஸி" என்றார் கொண்டக்டர். எதில் கழுவுவீர்கள், கடல் தண்ணீரிலா என்று கேட்டேன். "ஓம்" என்றார் சந்தோஷமாக.

அந்தப் பக்கத்தில் மிஸ்ஸி என்றால் நர்ஸ். நான் நர்ஸ் இல்லை. சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் கிருமியியல் பிரிவில் வேலை பார்க்கிறவள். பிறந்தது கோயமுத்தூர்ப் பக்கம். கடலைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனால் கடல் கிருமிகளைத் தேடிப் போக எங்கள் தலைவர் என்னைத்தான் பிடித்தார். அவருக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாதாம். எனக்கு ஒத்துக்கொள்ளும் என்று அவரிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை.

விஷயம் இதுதான். அந்தக் கரையில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த டாக்டர் எங்கள் தலைவரின் பழைய மாணவர். விருந்து சாப்பிட்டவர்கள் கூட்டமாகப் படுத்துவிடுகிறார்கள், வாந்தியும் பேதியும் ஆளை உலுக்கி எடுக்கின்றன, ஆனால் தேடித் தேடிப் பார்த்தும் காலராக் கிருமி கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். அதே சமயத்தில் ஜப்பான்காரர்கள், கடல் மீனிலிருந்து வயிற்றுநோய் தரும் ஒரு கிருமியைப் பிடித்த செய்தி எங்களுக்கு எட்டியிருந்தது. உப்பு இல்லாவிட்டால் வளரவே வளராத கிருமி. நாம் கிருமி வளர்க்கிற தட்டுகளில் உப்பைக் கிள்ளிப் போடுவதால் அது நம் கண்ணில் படாமலே போயிருக்கலாம் என்பது தலைவரின் எண்ணம். எண்ணம் அவருக்கு, அலைச்சல் எனக்கு.

ரெஸ்ட் ஹவுஸில் இடம் இல்லை. உள்நாட்டில் அணை கட்டுகிற எஞ்சினியர்கள் மொத்தமாக வந்து இறங்கியிருந்தார்கள். டாக்டர் என்னைச் சாய்ந்தமருதில் ஆசியா உம்மா என்பவர் வீட்டில் தங்கவைத்தார். விதவை, ஒரே மகள் ஹபீபா. எனக்குக் கொடுத்த அறை புத்தம் புதிது. சுண்ணாம்பு வாசனை போகவில்லை. நாலு பேர் படுக்கக்கூடிய ஒரு கட்டில், மேலே சரிகை வைத்த விதானம். கட்டில் விளிம்பிலிருந்து சுவர் வரைக்கும் ஒரு முழம்தான் இடம். பெட்டியை எங்கே வைப்பது, மைக்ராஸ்கோப்பை எங்கே வைப்பது? கட்டிலை எடுத்துவிடலாமா என்று ஹபீபாவிடம் கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அது கலியாணக் கட்டில், மிஸ்ஸி" என்றாள்.

"மாப்பிள்ளை எங்கே?"

"கிறுகித் தாய்ட வீட்ட போயிட்டாரு."

எங்கள் பக்கத்தில் பெண்ணை அழுது அனுப்புவார்கள். இங்கே பெண்ணுக்கு வீடு கட்டி, மாப்பிள்ளையைக் கூட்டி வந்து வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வந்த மாப்பிள்ளைதான் கல்யாண விருந்தோடு படுத்து, எழுந்ததும் தாய் வீட்டுக்கே திரும்பி ஓடிப்போயிருக்கிறார். டாக்டர் என்னை இந்த வீட்டில் கொண்டுவந்து போட்டதும் சும்மா இல்லை. அவர் எழுதியிருந்த விருந்துகளில் கடைசி விருந்து இந்த வீட்டு விருந்துதான். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? நான் பெட்டியெல்லாம் பிரித்துப் போட்ட பிறகுதான் சொன்னார்.

மீதியை ஹபீபா சொன்னாள். அங்கே விருந்தில் இலை போடுவதில்லை. சஹன் என்று பெரிய வட்டத் தட்டு. அதில் சோற்றைக் குவித்து, சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஒன்றாக அள்ளிச் சாப்பிடுகிறார்கள். மாப்பிள்ளை மஜீதும் அவர் தோழர்களும் உட்கார்ந்த சஹன் ஒன்றுதான் அன்றைக்கு ஆட்களைச் சாய்த்தது. ஊரே சாப்பிட்டது, மற்ற சஹன்களில் ஒருவருக்கு ஏப்பம்கூட வரவில்லை. மஜீத் பிழைத்ததே பெரிய காரியம் என்று ஆகிவிட்டது.

"எங்கட உம்மா மருந்து வெச்சிட்டாவாம்" என்றாள் ஹபீபா. "மாப்புள இந்த வீட்ட உட்டுப் போகாம இரிக்க மருந்து போட்டவவாம். அது கூடிப்போய் நஞ்சாப் போச்சாம். மாமி ஊரெல்லாம் சொல்லிட்டா."

வசிய மருந்தைச் சொல்கிறார்கள். மஜீதின் தாய் மீரா உம்மா மருதமுனையில் தறி வைத்து நடத்துகிறவர். வாயும் தறி மாதிரி நிற்காது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் காதியாரிடம் போய்க் கல்யாணத்தை முறித்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டாராம்.

"உனக்கு அவரைப் பிடிச்சிருக்கா?" என்றேன்.

தலையைக் குனிந்தாள். பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் நிமிர்ந்தபோது கோபமாகத்தான் இருந்தாள். "அவரு உட்டா உடட்டும் மிஸ்ஸி. ஆனா எங்கட உம்மா நஞ்சு வெச்சவ எண்ட பேரோட மௌத்தாகப்படா. அது மட்டும் எனக்கு வேணும்."

அந்தப் பேரோடு சாகக் கூடாது என்று அவள் சொன்ன தாய் அடுக்களையில் இருந்தார். அவருடைய சொந்தத் தங்கை மகனுக்கு அடுத்து நடக்கப்போகிற கத்னா என்ற சுன்னத்து விருந்துக்குக்கூட இவரைச் சமைக்கக் கூப்பிடவில்லையாம். அதுவரை அந்தத் தெருவில் எந்த வீட்டு விருந்துக்கும் சட்டிக்குப் பக்கத்தில் நின்றவர் அவர்தான்.

அடுத்த நாள் காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால், ஒரு கூட்டம். மிஸ்ஸி வந்திருக்கிறாள் என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். முழங்கால் வலி, காது அடைப்பு, பிள்ளை பேசவில்லை, மாடு பால் தரவில்லை. "நான் நர்ஸ் இல்லைங்க, கிருமி பார்க்க வந்திருக்கேன்" என்று தொண்டை வற்றக் கத்தினேன். "அது ஓம் மிஸ்ஸி, ஒரு ஊசியப் போட்டிட்டுக் கிருமியப் பாருங்க" என்றார் ஒரு பெரியவர். நான் அசையவில்லை என்று கண்டதும், இந்தியாவிலிருந்து வந்த மிஸ்ஸிக்குப் பெருமை என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு கடற்கரைக்குப் போய்க் கடல் தண்ணீர் எடுத்தேன். கரைவலை இழுக்கிற ஆட்கள் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். சீசாவில் கடல் தண்ணீரை நிரப்பி மூடி, பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைக்கிறவளை வேறு எப்படிப் பார்ப்பார்கள்? "மெட்ராஸில கடல் இல்லையா?" என்று ஒருவர் அக்கறையோடு கேட்டார்.

தட்டுகளில் ஊற்றக் கூழ் காய்ச்ச வேண்டும். கிருமி வளர்கிற மெத்தை அது: மாட்டிறைச்சிச் சாறு, உப்பு, கெட்டியாக்கக் கடற்பாசி. "மலம் பாக்கிற சாமானோட என்ட குசினிக்குள்ள வரப்படா" என்று ஆசியா உம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நியாயம்தான். கிணற்றடியில் அடுப்பு மூட்டி ஒரு மண்சட்டி கொடுத்தார். வெயிலிலும் புகையிலும் கண் எரிய எரியக் காய்ச்சி, இறக்கி வைத்துவிட்டு, குளிக்கப் போனேன். குளிக்கப் போனது ஒரு குற்றமா?

வந்து பார்த்தால் என் கண்ணாடித் தட்டுகள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இளஞ்சிவப்பாக ஏதோ உறைந்திருக்கிறது. நடுவில் ஆளுக்கொரு முந்திரிப் பருப்பு.

அந்த ஊர் முஸ்லிம் வீடுகளில் நோன்புக் காலத்திலும் விசேஷத்திலும் கடற்பாசி காய்ச்சிச் சீனி போட்டு இனிப்பாகச் சாப்பிடுவார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஆசியா உம்மா சட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். உப்புக் கரித்தது. போதாததற்கு இறைச்சி வாடை. பாவம், மெட்ராஸ்காரிக்குக் கடப்பாசி காய்ச்சத் தெரியவில்லை என்று இரக்கப்பட்டு, சீனியும் ஏலக்காயும் ரோஸ் பாகும் அள்ளிப் போட்டு, நல்ல தட்டாகப் பார்த்து ஊற்றி வைத்துவிட்டார்.

"ஒங்கட பக்கத்தில சீனி போடமாட்டீங்களா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கொண்டுவந்த கடற்பாசி முழுவதும் அந்தச் சட்டியில்தான் இருந்தது. ஹபீபா ஒரு தட்டை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நல்லாயிருக்கா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"இல்ல மிஸ்ஸி" என்றாள் உண்மையாக.

கப்பலேறி ஊருக்குப் போய்விடலாம் என்றுதான் அன்று மாலை முடிவு செய்தேன். ஆனால் கடற்பாசி இனிப்புச் செய்கிற ஊரில் கடற்பாசி விற்காமலா இருப்பார்கள்? கல்முனைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் கட்டுக் கட்டாகத் தொங்கியது. எங்கள் கல்லூரிக்கு வருவதைவிட வெள்ளையாகவும் இருந்தது. ஆத்திரம் இன்னும் கொஞ்சம் கூடிற்று. இதற்காகவா சென்னையிலிருந்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்? தட்டுகளைக் கழுவி மறுபடி ஆவியில் வைத்து, கூழை முதலிலிருந்து காய்ச்சினேன்.

இனி அந்த விருந்துச் சாப்பாடு. மாப்பிள்ளை சஹனில் மட்டும் என்ன வைத்தீர்கள் என்று ஆசியா உம்மாவைக் கேட்டேன். பெரிய இறால், தோலோடு அவித்துச் சோற்றைச் சுற்றி அலங்காரமாக வைப்பார்களாம். அது மாப்பிள்ளைக்கு மட்டும் செய்கிற மரியாதை. இதைக் கறந்தெடுக்கவே ஒரு நாள் பிடித்தது. பயந்துபோயிருந்தார். இறால் என்ற பேச்சை எடுத்தாலே "நான் ஒண்டும் போடல்ல, அல்லாஹ் அறிய ஒண்டும் போடல்ல" என்று அழ ஆரம்பித்துவிடுவார். அவர் அழ, ஹபீபா அழ, நான் கையில் பென்சிலோடு உட்கார்ந்திருப்பேன்.

"இறாலை எவ்வளவு நேரம் அவிச்சீங்க?"

"நல்லா அவிச்ச."

"அப்புறம்?"

"அப்புறம் சஹன்ல வெச்ச."

"அவிச்சது காலையில. சஹன் வெச்சது பகல்ல. நடுவுல எங்கே இருந்துச்சு?"

"பெட்டியிலதான்."

"எந்தப் பெட்டி?"

"றால் வந்த ஓலப்பெட்டி. வேற எந்தப் பெட்டி?" என்றார். "கடல் தண்ணி அள்ளித் தெளிச்சி ஈரச்சாக்கால மூடி வெச்ச. அப்பதான் செவப்பு மாறாம மினுங்கும். மாப்புள சஹன் எண்டா மினுங்கத்தானே வேணும்."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். பச்சை இறால் வந்த பெட்டி. அதே பெட்டியில் வெந்த இறால். மேலே கடல் தண்ணீர். வெதுவெதுப்பான சாக்கு. கிருமிக்கு நான் காய்ச்சிய மெத்தையைவிட அருமையான மெத்தை.

"இத்தனை நாளா இதை ஏன் சொல்லலை நீங்க?"

"நீங்க சமைச்ச விதத்தத்தானே கேட்டீங்க, மிஸ்ஸி" என்றார் திகைத்துப்போய். "இது சமையலா?"

அன்றைக்கே அதேபோல் செய்து பார்த்தேன். இறாலை அவித்து, பாதியைப் புதுச் சட்டியில் மூடினேன். மீதியைப் பச்சை இறால் வந்த பெட்டியில் போட்டுக் கடல் தண்ணீர் தெளித்துப் பகல்வரை வைத்தேன். இரண்டிலிருந்தும் தொட்டுத் தட்டுகளில் தேய்த்தேன். மறுநாள் சட்டி இறாலின் தட்டு வெறுமையாக இருந்தது. பெட்டி இறாலின் தட்டில் கொப்புளம் கொப்புளமாகக் கிருமிக் கூட்டம். அதையே உப்பில்லாத தட்டில் மாற்றித் தேய்த்தால் ஒன்றும் முளைக்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் காலராக் கிருமிபோலவே வளைந்து துள்ளியது; ஆனால் காலரா உப்பில்லாமலும் வளரும், இது வளராது. கையைத் தட்டிக்கொண்டு கட்டிலில் ஏறிக் குதிக்காத குறை.

வியாழக்கிழமை அந்தத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் மருதமுனைக்குப் போனேன். வந்த பஸ்கள் எல்லாம் படியில் தொங்குகிற கூட்டம். வண்டிக்காரர் போகிற வழியில் ஒரு கடையில் இறங்கித் தேத்தண்ணீர் குடித்தார். எனக்கும் வாங்கித் தந்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். ஆனால் புறப்படவும் மாட்டேன் என்றார். வெயில் ஏறிக்கொண்டே போனது.

மீரா உம்மாவின் வீட்டில் தறிச் சத்தத்தில் நான் சொன்னது பாதி கேட்டதோ இல்லையோ, தட்டுகளை வாங்கிப் பார்த்தார். முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது நீங்க நேத்துப் பிடிச்ச கிருமி" என்றார். "அண்டைக்கு என்ட மகன்ட வகுத்துக்குள்ள இருந்த கிருமி இதுதான் எண்டு யாரு கண்ட?"

எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது, ஏனென்றால் அது நல்ல கேள்வி. எங்கள் தலைவரும் அதையேதான் கேட்பார்.

"கடல் தண்ணி தெளிக்கிற ஒண்டும் புதினமில்ல, மிஸ்ஸி" என்று தொடர்ந்தார். "நாங்களும் அப்புடித்தான் செய்யிற. இண்டைக்கும் அப்புடித்தான் செஞ்சிரிக்கி. தங்கச்சிட மகளுக்கு வயித்தில புள்ளையெண்டு காலயிலேயே அங்கயும் ஒரு பங்கு குடுத்தனுப்பின. எங்கட ஊட்டுல ஒருத்தருக்கும் ஒண்டும் வந்தல்ல. பயமெண்டா தின்ன வேணா. கதைய மட்டும் நிப்பாட்டுங்க."

எனக்குப் பொறுமை போய்விட்டது. சூடு சொரணை உள்ளவள் எவளாயிருந்தாலும் போயிருக்கும். "எடுத்து வையுங்க, சாப்பிடறேன்" என்றேன்.

பெண்களோடு ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பால் ஆணம் என்ற தேங்காய்ப்பால் குழம்பும் சோறும் அமிர்தமாக இருந்தன, அதைச் சொல்லத்தான் வேண்டும். இறால் மினுமினுவென்று இருந்தது. மீரா உம்மா எனக்குப் பார்த்துப் பார்த்து உரித்து வைத்தார். கை கழுவ வெளியே வந்தபோது மஜீத் செம்பில் தண்ணீர் ஊற்றினார். மெலிந்து, கண் உள்ளே போயிருந்தது. அவரும் முன் அறையில் அதே இறாலைத்தான் சாப்பிட்டிருந்தார். "ஹபீபா சுகமா இரிக்கிறாவா?" என்று உதடு அசையாமல் கேட்டார். நீங்களே வந்து கேட்டால் என்ன என்றேன். தாய் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் செம்பை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வண்டியில் திரும்பும்போதுதான் செய்த காரியம் உறைத்தது. இந்தக் கிருமி எல்லாத் தடவையும் ஆளைச் சாய்க்காது. எத்தனை உள்ளே போகிறது என்பதைப் பொறுத்தது. எனக்கு ஒன்றும் வராவிட்டால்? மிஸ்ஸியே சாப்பிட்டாள், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள், அப்படியானால் மருந்துதான் என்று நாளைக்குக் காதியார் முன்னால் மீரா உம்மா சொல்லுவார். ஆசியா உம்மாவின் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்டவள் ஆவேன்.

மாலைவரை என் வயிறு சமுத்திரம்போல அமைதியாக இருந்தது. இல்லை, சமுத்திரம் என்றைக்கு அமைதியாக இருந்தது? குளம் என்று சொல்கிறேன். ஹபீபா நிமிஷத்துக்கு நிமிஷம் வந்து நின்றாள்.

"வலிக்கிதா மிஸ்ஸி?"

"இல்லை."

"கொஞ்சமாவது?"

"இல்லைம்மா."

அவள் முகம் விழுந்துபோகும். என்னவோ நான் வேண்டுமென்றே வலிக்காமல் இருப்பதுபோல. சென்னையிலிருந்து கடல் கடந்து தேடிவந்த கிருமிக்கு, வேளைக்கு வரத் தெரியவில்லையே என்று எனக்கும் ஆத்திரமாக வந்தது. "உம்மா, நீங்களாவது அல்லாஹ்ட்ட துஆச் செய்ங்க" என்றாள் ஹபீபா தாயிடம்.

"ஊட்டுக்கு வந்த ஆளுக்கு நோய் வருத்தம் வரோணுமெண்டு நான் துஆக் கேக்கமாட்டன்" என்றார் ஆசியா உம்மா. "என்ட பேரு போனாப் போகட்டும்." எனக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்தார். குடித்தால் கெட்டது காரியம் என்று நான் மறுத்தேன். அவர் விடவில்லை. ஒருவழியாக ஹபீபா பிடுங்கிக்கொண்டு போய்க் கொட்டினாள்.

பள்ளிவாசலில் விடியற்காலைப் பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. தொப்புளைச் சுற்றி யாரோ துணியை முறுக்கிப் பிழிவதுபோல ஒரு வலி.

"ஹபீபா!" என்று கத்தினேன்.

ஓடி வந்தாள். "வந்திட்டா, மிஸ்ஸி?"

"வந்திருச்சு!"

அதன் பிறகு நடந்ததை விவரமாக எழுத எங்கள் தொழிலில்தான் வழக்கம் உண்டு. பயணக் கட்டுரையில் இல்லை. கிணற்றடிக்கும் கட்டிலுக்கும் ஹபீபாவின் தோளில் தொங்கிக்கொண்டே போய்வந்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நடுவில் என் சொந்த மலத்தை நானே தட்டில் தேய்த்தேன். கோடு கோணலாகப் போயிற்று.

டாக்டர் வருவதற்குள் மருதமுனையிலிருந்து ஆள் வந்துவிட்டது. மீரா உம்மா, மஜீத், தறிக்காரப் பெண்கள் எல்லோரும் படுத்துவிட்டார்களாம். டாக்டரை அங்கே ஓடச் சொன்னேன். ஊசி மருந்தோடு, படுத்தவர்களிடம் தேய்த்துக் கொண்டுவர என் புதுத் தட்டுகளையும் கொண்டுபோகச் சொன்னேன். அன்றைக்கு ஜும்ஆ முடிந்து காதியார் காத்திருந்தாராம். முறைப்பாடு சொல்ல வேண்டியவர்கள் ஒருவரும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

சாயந்தரம் டாக்டர் திரும்பி வந்து என் கட்டிலருகே உட்கார்ந்தார். "மீரா உம்மா இன்னும் விடேல்லை" என்றார் யாழ்ப்பாணத்து வழக்கத்தில். "ஆசியா உம்மா மருந்தை உங்கட கையிலை குடுத்துவிட்டவவாம். நீங்கள்தான் கொண்டுபோய் சோத்திலை போட்டனீங்களாம்."

எனக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. இருந்திருந்தால் அந்த மைக்ராஸ்கோப் அன்றைக்கே உடைந்திருக்கும். "அவங்க தங்கச்சி வீடு?" என்றேன். "நான் போறதுக்கு முன்னாடியே, காலையிலேயே இறால் அங்கே போயிருச்சே."

டாக்டர் சிரித்தார். "அங்கையும் எல்லாரும் படுக்கை. அதை நான் கேட்ட உடனை மனுசி வாயை மூடிப்போட்டா."

மறுநாள் தட்டுகள் எல்லாம் முளைத்திருந்தன. என்னுடையது, மீரா உம்மாவுடையது, மஜீதுடையது, மீரா உம்மாவின் தங்கை வீட்டாருடையது, எல்லாவற்றிலும் ஒரே கிருமி. உப்பில்லாத தட்டுகள் பளிங்குபோலக் கிடந்தன. அப்படி ஒரு அழகை நான் அதற்குமுன் கண்டதில்லை. பார்க்கத்தான் ஆள் இல்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிற நம்பிக்கையாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள், தட்டுகளை நீட்டினேன், "வேணா மிஸ்ஸி, மீரா உம்மாக்கு வயித்தால போனதக் கேள்விப்பட்ட, அது போதும்" என்று எட்டவே நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆசியா உம்மாவின் தங்கை மகனின் கத்னா வீட்டிலிருந்து அவருக்கு ஆள் வந்தது, வந்து சமைத்துத் தர வேண்டும் என்று. அவர் போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார்.

நான் புறப்பட வேண்டிய நாள் காலையில் மஜீத் வந்தார். மீரா உம்மா வரவில்லை. தன் தறியில் நெய்த ஒரு சேலையைக் கொடுத்தனுப்பியிருந்தார். ஆசியா உம்மா பதறிப்போய், "வாங்க மாப்புள, வாங்க, உள்ள வாங்க" என்று முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். ஹபீபா வாசல் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மாமியில ஒண்டும் பிழையில்ல எண்டு இப்ப எல்லாருக்கும் வெளங்கிட்டு" என்றார் மஜீத்.

"மிஸ்ஸிக்கு வயித்தால போனதுக்குப் பொறகுதான் எங்கட உம்மா நல்லவவா?" என்றாள் ஹபீபா.

நான் பெட்டிக்குக் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டேன். "உடு புள்ள, ஊரு பாக்கிது" என்றார் ஆசியா உம்மா. உண்மைதான், வேலிக்கு மேலே தலைகள் முளைத்துவிட்டிருந்தன.

"பாக்கட்டும்" என்றாள் ஹபீபா. "ஊரு பாக்கத்தானே பேசின? உம்மா, சோறு இரிக்கா?"

பழஞ்சோறும் நேற்றைய மீன் ஆணமும்தான் இருந்தன. ஆசியா உம்மா பீங்கான் தட்டில் போட்டுக் கொண்டுவந்தார். முற்றத்து மண்ணில், வேலிக்கு நேரே, ஹபீபா ஒரு பாயை உதறிப் போட்டாள். மஜீத் உட்கார்ந்தார். சோற்றைப் பார்த்தார். அவர் கை பீங்கானுக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார், தின்னலாமா என்று கேட்பதுபோல. எனக்குப் பதில் தெரியும். சூடு காட்டியிருக்கிறார்கள், பயமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"மிஸ்ஸியப் பாக்காதீங்க" என்றாள் ஹபீபா. "எங்கட உம்மாட முகத்தப் பாத்துத் தின்னுங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். மஜீத் ஆசியா உம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தபடியே முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தார். கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். பீங்கானிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

ஹபீபா கதவை விட்டு விலகி நின்றாள்.